லாரிக்குள் ஒரு ஜெட்

விளாத்திகுளம் பக்கம் வேலிக்கருவையில் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் காற்றின் கணக்கு அத்துபடி. அடுக்கிய விறகை மண்ணால் மூடி, துளைகளைத் திறப்பதும் அடைப்பதுமாகக் காவல் இருப்பார்கள். காற்று கூடினால் மிஞ்சுவது சாம்பல்தான். ஜெட் எஞ்சின் இதற்கு நேரெதிர். காற்றை அமுக்கித் திணித்து, எரிபொருளை ஒட்ட எரிக்கிற உலை அது.

கரி ஏற்றிப் போகிற லாரியிலேயே அதன் பெரும்பகுதி இருக்கிறது: டர்போசார்ஜர். ஓர் அச்சு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். எஞ்சின் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை கோரியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி.

வீட்டில் ஜெட் செய்கிறவர்கள் பழைய டர்போ ஒன்றை வாங்கி, இரு சக்கரங்களுக்கும் இடையே எரியறையைப் பொருத்துகிறார்கள். துளையிட்ட எவர்சில்வர் குழாய், அதைச் சுற்றி இன்னொரு பெரிய குழாய், எரியறை அவ்வளவுதான். சூட்சுமம் துளைகளில் இருக்கிறது. முன்பக்கச் சிறு துளைகளில் வரும் காற்று எரிபொருளோடு கலந்து எரியும். கடைசியில் உள்ள பெரிய துளைகளில் நுழையும் காற்றின் வேலை வெப்பத்தைத் தணிப்பது. சுடரின் வெப்பம் ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸ்; சக்கரமோ அதில் பாதிக்குமேல் தாங்காது.

முதலில் புளோயரால் காற்றடித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு, கேஸைப் பற்றவைப்பார்கள். வேகம் ஏறி, தனக்கு வேண்டிய காற்றைத் தானே அமுக்கிக்கொள்ளும் நிலை வந்ததும் புளோயரை எடுத்துவிடலாம். மீதிச் சக்தியோடு பின்னால் பாயும் வாயுதான் உந்துவிசையைத் தருகிறது.

பற்றவைப்பதைவிடக் கட்டுப்படுத்துவது கடினம். 1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் தன் முதல் ஜெட் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, எரிபொருளை அடைத்த பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனது. கசிந்து உள்ளே தேங்கிய எரிபொருள் எரிந்ததே காரணம்.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டக்கூடிய சக்கரம் உடைந்தால் துண்டுகள் உறையைப் பிளந்து தெறிக்கும். தாங்குருளைக்கு எண்ணெய் நின்றால் நொடிகளில் அச்சு இறுகிவிடும். ஆகவே கொல்லைப்புறத்தில் இதைத் தொடவே கூடாது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் பட்டறையில், பாதுகாப்புச் சுவருக்குப் பின்னால், ஆசிரியர் மேற்பார்வையில் செய்து பார்க்கட்டும். பாடப்புத்தகத்தில் படித்த வெப்ப இயக்கவியல் முழுவதும் அந்த ஒரு குழாயில் விளங்கிவிடும்.