‘அஞ்சு கிலோமீட்டர்தானே டாக்டர்!’

ஆடி பிறந்தால் சென்னையில் ஓட்டக்காரர்களுக்கு சீசன் தொடங்கிவிடும். ஜனவரி மாரத்தானுக்கு வெள்ளோட்டமாக 5 கி.மீ., 10 கி.மீ. சாலை ஓட்டங்கள் ஞாயிறுகளில் வரிசை கட்டும். திங்கட்கிழமை காலை ஓ.பி. வாசலில் நொண்டுகிறவர்களை எண்ணியே, நேற்று எங்கோ ஓட்டம் நடந்திருக்கிறது என்று எங்கள் நர்ஸ் சொல்லிவிடுவார்.

இவர்களில் பலருக்கு அது புதுக்காயம் அல்ல. கோடையில் கெண்டைக்கால் பிடித்தது, தொடையின் பின்தசை கிழிந்தது, குதிகால் நரம்பு வலித்தது. (அது நரம்பே இல்லை, தசைநாண். இருபது வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.) வலி அடங்கியதும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஹாஃப் மாரத்தான் இல்லையே, அஞ்சு கிலோமீட்டர்தானே டாக்டர்!”

தூரம் குறைந்தால் ஆபத்து குறையுமா?

21 கி.மீ. ஓடுகிறவர் பெரும்பாலும் நிதானமாகத்தான் கிளம்புவார். 5 கி.மீ.யில் அப்படியா? விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்கிறோம். கெண்டைக்காலையும் தொடையின் பின்தசையையும் கிழிப்பது பெரும்பாலும் தூரம் அல்ல, வேகம்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. குதிகால் தசைநாணில் ஆறு மடங்குக்கு மேலும் போகும். 5 கி.மீ. என்பது ஏறத்தாழ ஐயாயிரம் அடி. கடைசி 200 மீட்டரில் போட்டோ எடுப்பவரைக் கண்டதும் ஒரு பாய்ச்சல் பாய்வீர்களே, அந்த இடத்தில் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகச் சொல்லி வந்தவர்கள் உண்டு. யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் யாரும் இல்லை. தசைநாண் அறுந்திருந்தது.

வலி நின்றால் ஆறிவிட்டதா?

இல்லை. வலி முதலில் போகும், பலம் கடைசியில்தான் வரும். மூச்சும் இதயமும் சில வாரப் பயிற்சியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் சீசனின் முதல் ஓட்டம் வந்து நிற்கிறது. மூச்சு வாங்கவில்லை, அதனால் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். ஒருமுறை கிழிந்த கெண்டைக்காலும் பின்தொடையும் மறுபடி கிழிய மற்றவர்களைவிட அதிக வாய்ப்பு இருக்கிறது என்பது எங்களுக்கெல்லாம் பாலபாடம்.

“ரெண்டு மாசம் முழு ரெஸ்ட் எடுத்தேனே” என்பார்கள். வெறும் ஓய்வில் தசைநாண் தேறாது. பாரம் கொடுத்தால்தான் தேறும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் செய்யச் சொல்லி அனுப்புகிறோம். சலிப்பான வேலைதான். பன்னிரண்டு நாள் செய்துவிட்டு நிறுத்துகிறவர்களே அதிகம்.

சுளுக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு

கிழிந்த தசையைச் சூடான எண்ணெய் விட்டு அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவுதான் கூடும். அடிபட்ட சில நாட்களுக்குள் தொடையை இப்படி முரட்டுத்தனமாகப் பிசைந்தால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடலாம். ஒருவர் மூன்று முறை ‘எடுத்துவிட்டு’ வந்தார். தொடையில் தேங்காய்ச் சில்லைப்போல் ஒரு கட்டி. முழங்கால் பாதிகூட மடங்கவில்லை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். அதை நீவினால் நுரையீரலுக்குப் போய் அடைக்கும் அபாயம் உண்டு. தயவுசெய்து கை வைக்க விடாதீர்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு

இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் ஒரு டைக்ளோஃபினாக். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கியது, நண்பருக்கும் பாதி. இந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2006-ல் நம் நாட்டில் தடை செய்தார்கள். மருந்து ஏற்றிய மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததுதான் காரணம். மனிதரும் கழுகும் ஒன்றல்ல. ஆனாலும் சென்னைப் புழுக்கத்தில் வேர்த்து நீர்வற்றிய உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. போதாக்குறைக்கு, ‘நிறுத்து’ என்று சொல்லும் வலியின் வாயையும் அடைத்துவிடுகிறது.

குதிகாலின் பின்பக்கம் ஸ்டீராய்டு ஊசி கேட்டு வராதீர்கள். தசைநாண் அறுந்துபோகலாம். வயிற்றுக்கடுப்புக்கு நீங்களாகவே வாங்கி விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளும் தசைநாணைப் பலவீனமாக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை கொடுத்தது.

எப்போது ஓடலாம்?

அரை மணி நேரம் வேகமாக நடந்தால் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது, இருபத்தைந்து தடவை உயர்த்த வேண்டும், நல்ல காலுக்குச் சமமாக. அதே காலில் குதித்துப் பாருங்கள். பிறகு போட்டித் தூரத்தை மெதுவாக இரண்டு மூன்று முறை ஓடிவிட்டு, மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியைக் கவனியுங்கள். உங்கள் கைக்கடிகாரத்தைவிட அந்த அடி சரியாகச் சொல்லும்.

முன்னங்கால் எலும்பில் விரல் வைக்கும் ஒரே இடத்தில் வலித்தாலோ, ஓடும்போது இடுப்புக் கவட்டில் வலித்தாலோ அன்றோடு நிறுத்துங்கள். எலும்புக் கீறலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

கட்டிய பணம் போனால் போகட்டும். டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஓட வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் பலர் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வருவதில்லை. வந்து பாருங்கள் ஐயா. கடைசி வரிசையில் நின்று, பக்கத்தில் வருகிறவரோடு கதை பேசிக்கொண்டே ஓடுங்கள் என்று அனுப்பி வைத்தவர்களும் இருக்கிறார்கள். அடுத்த நாள் அவர்கள் யாரும் என் ஓ.பி.க்கு வரவில்லை.