கடற்காற்றில் ஒரு மலைப் பயிற்சி

காரைக்கால் கடற்கரையில் சைக்கிள் ஓட்டும் நீங்கள் முதன்முறையாக ஒரு நெடுந்தூர மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இமாசலப் பிரதேசத்தில் 2005-இல் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா போன்ற, பல நாள் நீளும் பந்தயம். ஒரு குன்றுகூட இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் என்போம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் பாதையில் புவியீர்ப்பு உங்களைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 59 நியூட்டன். சமவெளியில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடை சுமார் 8 நியூட்டன்தான்!

ஆனால் காற்று மோதும் வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். 22 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்றில் 14 கிலோமீட்டர் வேகத்தில் மிதியுங்கள். சுமார் 30 நியூட்டன்; பாதி மலை கிடைத்துவிட்டது! கடற்காற்றை ஏன் வீணாக்க வேண்டும்?

மீதியைப் பல்சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும். முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்று சங்கிலியை மாற்றினால் மிதிக்கும் விசை குறையும், சுற்றுகள் கூடும். மொத்த வேலை மட்டும் குறையாது. இயற்கை அதில் கறார்!

3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் சுமார் 70 சதவீதமே. இதற்கு மட்டும் காரைக்காலில் பயிற்சி கிடையாது. சில நாட்கள் முன்பே போய் மலையில் தங்கிவிடுங்கள்.