அழாத பிள்ளையைத் தொட்டுப் பாருங்கள்

2008ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நிஷா புயல் வடக்கில் கொட்டித் தீர்த்த நாட்கள் அவை. நான் குருவாகித் திருப்பணி தொடங்கிய புதிது. வன்னியில் ஒரு வயல் வெளியின் ஓரமாக, இடம்பெயர்ந்த குடும்பங்களின் தறப்பாள் கொட்டில்கள் வரிசையாக நின்றன. பின்னேரம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் ஒவ்வொரு கொட்டிலாகப் போய் விசாரித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு கொட்டிலில் இளம் தாய் ஒருத்தி, பிறந்து மூன்று கிழமையான மகனைத் தடித்த போர்வையால் சுற்றி, நிலத்தில் விரித்த பாயில் வளர்த்தியிருந்தாள்.

"இரவு முழுக்கக் கத்தினவன், பாதர். விடியப்புறம்தான் குழப்படி இல்லாமல் நல்ல நித்திரை" என்றாள்.

நல்லது பிள்ளை என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கொட்டிலுக்குப் போய்விட்டேன். அந்தப் போர்வை முந்திய கிழமை நாங்கள் கொடுத்தது. அதைப் பார்த்ததில் எனக்குத் திருப்தியும்கூட.

எனக்குப் பின்னால் வந்த மருத்துவிச்சி அம்மா அப்படிப் போகவில்லை. போர்வைக்குள் கையை விட்டுப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயிறு குளிர்ந்து கிடந்தது. போர்வையின் அடிப்பக்கம் பாயின் ஈரத்தை உறிஞ்சி நனைந்திருந்தது. அவர் பிள்ளையின் ஈர உடுப்பைக் கழற்றினார். தாயின் சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை வைத்தார். தலைக்கு ஒரு துணித் தொப்பி போட்டு, காய்ந்த சாரம் ஒன்றால் இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். அப்படியே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியில் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. பிள்ளை தப்பியது.

அன்று நான் படித்துக்கொண்டது ஒன்று. குளிர்ந்துபோன பச்சைக் குழந்தை அழாது. அழுவதற்கு அதற்குச் சக்தி இராது. நாம் அதை நல்ல நித்திரை என்று எண்ணிவிடுகிறோம்.

வெயில் நாட்டில் குளிரா?

எமது நாட்டில் குளிரால் யாரும் சாவதில்லை என்று பலர் நினைப்பதுண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிர் தாங்காமல் இறந்ததை விவசாயிகளாகிய நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே பனிக்கட்டி விழவில்லை. மழையில் நனைந்த உடம்பில் ஓயாத காற்று அடித்தது. மாட்டுக்கே அந்தக் கதி என்றால், மூன்று கிலோ எடையுள்ள பிள்ளைக்கு என்ன ஆகும்?

சிறு பிள்ளையின் உடம்பில் சூடு நிற்பது சிறு குளத்தில் தண்ணீர் நிற்பது போன்றது. குளம் சிறிதென்றால் கசிவு ஒன்றே அதை வற்றச் செய்யும். பெரியவர்களைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கப் பிறந்த குழந்தையால் முடியாது. ஆகவே முதலில் கசிவை அடைக்க வேண்டும். கசிவுகள் மூன்று: ஈரம், நிலம், காற்று. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். நனைந்த போர்வை போர்வையே அல்ல.

முதலில் நிலம்

கொட்டிலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி விடுங்கள். வெட்டிய மண்ணை உட்பக்கம் வரம்பாகப் போடுங்கள். உள்ளே நிலத்தை ஆறு அங்குலமாவது உயர்த்தி இறுக்குங்கள்.

பிள்ளை படுக்கும் இடத்தில் கீழே பொலித்தீன், அதன்மேல் காய்ந்த வைக்கோலோ உமியோ நிரப்பிய சாக்கு, அதன்மேல் பாய் என்று போடுங்கள். தடி வெட்டக் கூடிய இடமானால் நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் சிறு பரண் அடிப்பது இன்னும் நல்லது. இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைப் பிள்ளைக்குக் கீழே விரியுங்கள். மேலே எத்தனை போட்டாலும், கீழே வெறும் பாய் என்றால் நிலம் சூட்டை இழுத்துவிடும்.

காற்று வரும் பக்கத்தைக் கிடுகால் அடையுங்கள். மற்றப் பக்கத்தில், மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். முழுவதும் மூடினால் மூச்சுக் காற்றின் ஈரமே தறப்பாளில் படிந்து சொட்டத் தொடங்கும்.

ஒரு சோடி காய்ந்த உடுப்பு

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோடி உடுப்பைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, கூரையில் தொங்கவிடுங்கள். இது இரவுக்கு மட்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் இதைத் தொட வேண்டாம். தடித்த உடுப்பு ஒன்றைவிட மெல்லிய உடுப்பு இரண்டு சூட்டை நன்றாகக் காக்கும். குழந்தையின் உடம்புக்குத் தலை பெரிது. ஆகவே தலைக்குத் தொப்பி அவசியம். பழைய பெனியனில் தைத்தாலும் போதும். முகத்தை மட்டும் ஒருபோதும் மூட வேண்டாம்.

குளிப்பாட்டுவதை மத்தியான வெயிலுக்கு விடுங்கள். பிறந்த குழந்தையை முதல் 24 மணித்தியாலத்துக்குக் குளிப்பாட்டவே வேண்டாம்.

தாயின் நெஞ்சு

மருத்துவிச்சி அம்மா செய்தது நாட்டு வைத்தியம் என்றே நான் அன்று நினைத்தேன். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குழந்தைகளைச் சூடாக வைக்கும் கருவிகள் போதாமல் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றில், வைத்தியர்கள் 1978இல் இம்முறையைத் தொடங்கினார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு கட்டி வைத்தார்கள். கங்காரு முறை என்று பெயர் பெற்ற இதனை இன்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. தாய்க்கு இயலாதபோது தகப்பனும் பிள்ளையை இப்படி வைத்திருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். உடம்பு சூடு உண்டாக்க அதுவே விறகு.

நெருப்பில் கவனம்

குளிருக்காகக் கரிச்சட்டியைக் கொட்டிலுக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும். அடுப்பைப் பக்கத்தில் வேறாக ஒரு சாய்ப்பு இறக்கி அதில் மூட்டுங்கள்.

குப்பி விளக்கு சரிந்து எரிகாயப்பட்ட பிள்ளைகள் எமது நாட்டில் எத்தனையோ பேர். இதைப் பார்த்துப் பொறுக்காத சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, கட்டையான, திருகு மூடியுள்ள விளக்கொன்றை உருவாக்கி, 1998இல் சர்வதேச விருதும் பெற்றார். உயரமான மெல்லிய போத்தலில் விளக்குச் செய்ய வேண்டாம் என்பதே அவர் வேலை தரும் பாடம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

இரவில் இரண்டு தடவையாவது எழும்பிப் பிள்ளையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். கால் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே நெஞ்சோடு அணையுங்கள். வயிறும் குளிர்ந்து, பிள்ளை பால் குடிக்க மறுத்து, சோர்ந்து கிடந்தால் அது ஆபத்து. விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

சளி பிடித்த பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் நியூமோனியாவாக இருக்கலாம். மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். கொண்டு போகும்போதும் பிள்ளை நெஞ்சோடு இருக்கட்டும்.

சேர்ந்து செய்ய வேண்டியது

ஒரு குடும்பத்தால் எல்லாம் முடியாது. முகாமில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், வயிற்றுப் பிள்ளைத்தாய்மார் யார் என்று நீங்களே ஒரு பட்டியல் எழுதி வைத்திருங்கள். மேட்டு நிலமும் ஒழுகாத தறப்பாளும் முதலில் அவர்களுக்குப் போகட்டும். கிராம அலுவலரிடம் இதைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. கடும் மழை இரவுகளில் தாய்மாரும் பிள்ளைகளும் சேர்ந்து தங்க, காய்ந்த பொதுக் கொட்டில் ஒன்றை மாரி தொடங்குமுன் போட்டு வையுங்கள். வயலில் ஒருவருக்கொருவர் கைமாற்றாக வேலை செய்து பழகிய எமக்கு இது புதிதல்ல.

இன்றும் நான் மழைக்காலத்தில் போர்வை கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்வேன். குனிந்து, பாய்க்கு அடியில் கையை வைத்துப் பார்ப்பேன்.