வீதியில் வாசித்த குற்றம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரம் 1989-ஐ நினைவுகூர்கிறது. நிக்கோலாய் தேவாலயத்தில் சமாதானப் பிரார்த்தனை, ஜனநாயகம் பற்றிய உரை, பிறகு திறந்தவெளியில் இசையும் ஒளியும். மக்கள் கொண்டுவந்து வைக்கும் மெழுகுவர்த்திகள் '89' என்ற எண்ணாகச் சேர்ந்து எரிகின்றன. ஒளி விழா என்ற பெயரில் 2009 முதல் நடந்துவரும் இந்த நிகழ்வைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழலாம். உயிரைப் பணயம் வைத்து நடந்த போராட்டத்தை நினைவுகூரக் கச்சேரி எதற்கு? அது தியாகத்தைக் கேளிக்கையாக்கிவிடாதா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் லைப்சிக்கில் இசை, விடுதலை கிடைத்த பிறகு வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம் அல்ல. பொது இடத்தில் வாசிக்கும் உரிமையும் அந்த ஊர் கேட்ட விடுதலைக்குள் அடக்கம்.

அன்றைய கிழக்கு ஜெர்மனியில் தெருவில் நின்று கிதார் வாசிக்கவும் அரசு அனுமதி வேண்டும். 1989 ஜூன் 10 அன்று லைப்சிக்கில் எதிர்ப்பியக்க இளைஞர்கள் ஏற்பாடு செய்த வீதி இசை விழாவுக்கு அந்த அனுமதி மறுக்கப்பட்டது. ஆனாலும் வெளியூர்களிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள், வாசித்தார்கள். போலீஸ் அவர்களை வளைத்துப் பிடித்து லாரிகளில் ஏற்றியது. பாட்டில் என்ன இருந்தது என்று யாரும் ஆராயவில்லை. கேட்காமல் வாசித்ததே குற்றமாகிவிட்டது. இந்தக் கைதுகளுக்குப் பிறகு, 1970 முதல் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்திவந்த கூர்ட் மாசூர், ஆகஸ்ட் இறுதியில் தம் அரங்கத்திலேயே வீதி இசை பற்றிப் பொது விவாதம் ஒன்றைக் கூட்டினார். அரசின் செல்லப்பிள்ளையாக இருந்த ஓர் அரங்கம், தெருவில் விரட்டப்பட்டவர்களை உள்ளே அழைத்துப் பேசவிட்டது. அக்டோபருக்கான ஒத்திகை அங்கேயே தொடங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அக்டோபர் 9 திங்கட்கிழமை. 1982 முதல் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள்தோறும் நடந்துவந்த பிரார்த்தனைக்குப் பின் ஊர்வலம் கிளம்பும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் முன்புதான், தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்தவும் தயார் என்று தொழிலாளர் படையின் தளபதி ஒருவர் பெயரில் உள்ளூர் நாளிதழில் மிரட்டல் கடிதம் வெளியாகியிருந்தது. ஜூனில் பெய்ஜிங்கில் நடந்த படுகொலையைக் கிழக்கு ஜெர்மன் அரசு ஆதரித்ததையும் யாரும் மறந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட மாலையில் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். நகரத்தின் ஒலிபெருக்கிகளில் மாசூரின் குரல் கேட்டது. ஆறு பேர் சேர்ந்து எழுதிய வேண்டுகோளை அவர் வாசித்தார்: நிதானம் காப்போம், பேசித் தீர்ப்போம். கூட்டம் வட்டச்சாலையைச் சுற்றி நடந்து முடித்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

சுவரைத் திறந்தது இசையா என்று கேட்டால், இல்லை. நொடித்துப்போன பொருளாதாரம், படையை அனுப்ப விரும்பாத சோவியத் தலைவர் கோர்பச்சேவ், செப்டம்பரில் எல்லையைத் திறந்துவிட்ட ஹங்கேரி ஆகியவையே பெரிய காரணங்கள். ஆனால் ஓர் ஆட்சி ஏன் விழுகிறது என்பது ஒரு கேள்வி. ரத்தம் சிந்தாமல் எப்படி விழுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கான பதில் அந்த மாலையில் தெருவில் நின்றவர்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. நமக்கும் இது தெரியாததல்ல. 1930-இல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்கள், நாமக்கல் கவிஞர் அந்த யாத்திரைக்கென்றே எழுதித் தந்த பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். உப்புச் சட்டத்தை உடைத்தது பாட்டு என்று யாரும் சொல்வதில்லை. தடியடிக்குத் தயாராக நடந்தவர்களின் நடையும் மனமும் சிதறாமல் பார்த்துக்கொண்டதில் அதற்குப் பங்கு உண்டு.

மாசூரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவது எழுபதாயிரம் பேரை மறைத்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. அவர் அந்த ஆட்சியில் சகல மரியாதையோடும் இருந்தவர். வேண்டுகோளில் கையெழுத்திட்ட ஆறு பேரில் மூவர் ஆளும் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். வேண்டுகோள் ஒலிக்கும் முன்பே மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆகவே நினைவுக் கச்சேரி ஒரு மனிதருக்கான ஆராதனையாகச் சுருங்கினால் அது பிழை. அந்த மாதத்திலேயே கெவாண்ட்ஹவுஸ் தன் அரங்கத்தை மக்கள் விவாதங்களுக்குத் திறந்துவிட்டது. போற்றத்தக்கது அந்தச் செயல்தான்.

இன்றைய ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. 2014 முதல் டிரெஸ்டனில் பெகிடா அமைப்பினர் குடியேறிகளுக்கு எதிராகத் திங்கட்கிழமைகளில் ஊர்வலம் போனார்கள். 1989-இன் முழக்கத்தையே தமதாக்கிக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் இழுக்கும் நினைவுக்குக் கச்சேரி என்ன செய்யும்? வெறும் வெற்றி முழக்கமாக இருந்தால் ஒன்றும் செய்யாது. 2009 நவம்பர் 9 அன்று பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலில், சுவர் திறந்த இருபதாம் ஆண்டு விழாவில், டேனியல் பாரன்பாய்ம் பேத்தோவனோடு ஷோன்பெர்க்கின் 'வார்சாவிலிருந்து தப்பியவன்' என்ற படைப்பையும் நடத்தினார். நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றியது அது. 1938-இல் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் நாஜிகள் தாக்கி எரித்ததும் அதே நவம்பர் 9-தான். மகிழ்ச்சியைக் கொண்டாடும் மேடையிலேயே அவமானத்தையும் ஒலிக்கவைத்தால், அந்த நினைவை வெறுப்புக்குப் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.

நினைவுக் கச்சேரியை எதைக்கொண்டு அளப்பது என்பதற்கும் ஜெர்மனியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சுவர் திறந்த மூன்றாம் நாள், 1989 நவம்பர் 12 அன்று, பெர்லின் பில்ஹார்மோனிக் கிழக்கு ஜெர்மானியர்களுக்காக இலவசக் கச்சேரி நடத்தியது. அவர்களுடைய அடையாள அட்டையே டிக்கெட். மேடையில் யார் வாசித்தார்கள் என்பதைவிட, அதுவரை உள்ளே வர முடியாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதே முக்கியம். லைப்சிக்கின் ஒளி விழாவோ நம்மூர் சுதந்திர தின விழாவோ, முன்வரிசை நாற்காலிகள் பிரமுகர்களுக்கும் தடுப்புக்கு வெளியே நிற்பது மற்றவர்களுக்கும் என்று ஆகிவிட்டால், எத்தனை நல்ல வித்வான் வந்தாலும் அது அரசு நிகழ்ச்சிதான். இன்று அனுமதி மறுக்கப்படுகிறவருக்கு அந்த மேடையில் ஓர் இடம் தர வேண்டும். லாரியில் ஏற்றப்பட்ட அந்தக் கலைஞர்களுக்கு அதுதான் உரிய மரியாதை.