மோட்டார் கெடும் முன் சொல்லும்! கேட்க உங்கள் கம்ப்யூட்டர் போதும்

அச்சரப்பாக்கத்துக்காரர்களுக்கு ஊர்ப் பெயரின் கதை தெரிந்திருக்கும். திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்க மறந்தாராம். அதனால் தேரின் அச்சு இங்கே முறிந்ததாம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் ஆகி, பேச்சில் அச்சரப்பாக்கம் ஆனது என்பார்கள். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "முறியும் முன் அச்சு சத்தம் போட்டிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா?"

சுழலும் இயந்திரங்கள் பெரும்பாலும் திடீரென்று கெடுவதில்லை. முதலில் அதிர்வு மாறும், பிறகு சத்தம் மாறும், பிறகு சூடாகும். கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அன்று டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடுகள் உலோகக் களைப்பால் முறிந்தன. சமநிலை இழந்த டர்பைன் கடுமையாக அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, எண்ணெயும் எரிந்தது. கேபிள்கள் கருகி நிலையமே சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இன்றி இருந்தது. நல்ல வேளையாகக் கதிர்வீச்சு வெளியே பரவவில்லை. அதே 220 மெகாவாட் வகையைச் சேர்ந்த நிலையம்தான் நம் மாவட்டக் கடற்கரையில், கல்பாக்கத்தில் 1984ல் இயங்கத் தொடங்கியது. நரோராவுக்குப் பிறகு இந்த வகை டர்பைன்களின் பிளேடுகள் சோதிக்கப்பட்டு, வடிவமைப்பும் மாற்றப்பட்டது.

சரி, இதற்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன தொடர்பு? அந்த டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதும் அதனால்தான். உங்கள் கம்ப்யூட்டரில் 7200 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அது விநாடிக்கு 120 சுற்று. டர்பைனை விட இரண்டு மடங்குக்கும் மேல்!

அதிர்வைப் படிப்பதற்கு எஞ்சினியர்கள் பயன்படுத்துவது எஃப்.எஃப்.டி. என்ற கணக்கு. கூலி, டூக்கி என்ற இருவர் 1965ல் வெளியிட்ட முறை இன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. கலந்து வரும் ஓசையை அது தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும். சமையல் வாசனையை வைத்தே தாளிப்பில் என்னென்ன போட்டார்கள் என்று பாட்டி சொல்வாரே, அதுபோல. விநாடிக்கு எத்தனை சுற்றோ அந்த எண்ணிலேயே உயர்ந்த கோடு தெரிந்தால் ஒரு பக்கம் கனம் கூடிவிட்டது என்று சந்தேகிக்கலாம். இரண்டு மடங்கில் தெரிந்தால் மோட்டாரும் பம்பும் நேர்க்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். பேரிங் கெட்டால் கோடு முழு மடங்கில் வராது. 8 குண்டுகள் உள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் சிறு குழி விழுந்தால், ஒரு சுற்றுக்குச் சுமார் 3 முறை 'டக்' என்று தட்டும்.

இதை வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் நீங்களே செய்து பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஹெட்செட் மைக்கை மோட்டாருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து 20 விநாடி பதிவு செய்யுங்கள். ஈரம் படாமல், கை படாமல். ஒரு முக்கிய விஷயம்: விண்டோஸில் மைக்குக்கு 'நாய்ஸ் சப்ரஷன்' இருந்தால் அணைத்துவிடுங்கள். நாம் தேடும் சத்தத்தையே அது இரைச்சல் என்று நீக்கிவிடும்! பிறகு பதிவைத் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சைஸ் என்ற இடத்தில் 16384 கொடுங்கள். 44100 ஹெர்ட்ஸில் பதிவு செய்திருந்தால், 2.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விவரம் தெரியும்.

2880 சுற்று மோட்டார் என்றால் 48 ஹெர்ட்ஸ் அருகே தேட வேண்டும். சாதாரண மைக்கில் இந்தத் தாழ்ந்த ஓசை சரியாகப் பதியாமல் போகலாம். பேரிங் சத்தம் மேல் அதிர்வெண்களில்தான் அதிகம் என்பதால் கவலை இல்லை. 100 ஹெர்ட்ஸில் உயர்ந்த கோடு கண்டு பயப்படாதீர்கள். அது மின்சாரத்தின் ரீங்காரம். சந்தேகம் வந்தால் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் மின்சார ஓசை. சுழற்சி குறையக் குறைய மெதுவாக அடங்கினால் அச்சின் ஓசை.

ஒரே ஒரு பதிவை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. மோட்டார் நன்றாக இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்து, தேதியிட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அதே தூரத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது மாதம் புதிதாகக் கோடுகள் முளைத்தன. காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா நம்பவும் இல்லை. மெக்கானிக் கழற்றியபோது பின்பக்க பேரிங்கில் கிரீஸ் காய்ந்து கிடந்தது. பேரிங்கோடு வேலை முடிந்தது. விட்டிருந்தால் ரோட்டார் உரசி, காயில் கட்டும் செலவு வந்திருக்கும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு மைக் வேண்டாம். தன்னைத்தானே கண்காணிக்கும் ஸ்மார்ட் வசதி அதிலேயே உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 05, சி5, சி6 எண்களுள்ள வரிகளையும், சுழலத் தொடங்கத் தடுமாறியதைக் காட்டும் 0ஏ வரியையும் பாருங்கள். 'ரா வேல்யூ' பூஜ்யத்தில் இருந்து ஏறத் தொடங்கினால் அன்றே போட்டோக்களை வேறு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பூஜ்யமாகவே இருந்தாலும் முழுதும் நம்ப வேண்டாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் 2007ல் வெளியிட்ட ஆய்வில், கெட்டுப்போனவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு அடையாளங்களில் எதையும் காட்டவில்லை.

புதிய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. மட்டும் இருந்தால் சுழலும் டிஸ்க் கிடையாது. ஆனால் பெரும்பாலானவற்றில் விசிறி இருக்கும். அதைச் சுத்தம் செய்யும்போது மின் இணைப்பை எடுத்துவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி தன் வேகத்தை மீறிச் சுழன்று பேரிங் போய்விடும்.