நாற்சில்லு வண்டியின் அச்சினை அறியுமாறு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டி ஆடம்பரப் பொருளன்று. நிலாவெளி, குச்சவெளி மணற்கரைகளில் தோணி இழுப்பதற்கும், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மாரிச் சேற்றைக் கடப்பதற்கும் அது வேண்டப்படுகின்றது. அவற்றுட் பல, கைமாறிக் கைமாறி வந்த பாவித்த வண்டிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை, உள்ள வண்டிகளையே ஒட்டியும் வெட்டியும் ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு வண்டியின் அச்சு மற்றொன்றின் வயிற்றிற் கிடப்பது இக்காலத்தில் வியப்பன்று. ஆதலின், விலை பேசுமுன் அச்சினை ஆராய்தல் வேண்டும். பூச்சும் மெத்தையும் கண்ணுக்குத் தெரிவன. பொருளை விழுங்குவதோ கண்ணுக்குத் தெரியாத அச்சு.

எஞ்சினிலிருந்து வரும் நெடுந்தண்டின் நுனியில் பினியன் என்னும் சிறு பற்சில்லு உண்டு. அது கிறவுண் வீல் என்னும் பெருஞ்சில்லைச் சுழற்றுகின்றது. பெருஞ்சில்லின் பற்களைச் சிறியதன் பற்களால் வகுக்க வருவதே அச்சு விகிதம். பழைய லாண்ட் றோவரில் 47 பல்லும் 10 பல்லும், விகிதம் 4.7. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 39 உம் 8 உம், ஏறத்தாழ 4.88. ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளில் 4.1, 4.3, 4.56 எனப் பல உண்டு. எண் பெரிதாயின் இழுவை மிகும், ஓட்டம் குறையும். 41, 43, 47 ஆகியவை பகா எண்களாய் இருத்தலைக் கணித மாணவர் கவனிக்க. இரு சில்லுகளின் பற்களுக்கும் பொதுக்காரணி இல்லையாயின், ஒரு பல் மற்றச் சில்லின் எல்லாப் பற்களையும் முறையே சந்திக்கும். தேய்வு ஓரிடத்திற் குவியாது.

வளைவில் வெளிச்சில்லு மிகுதூரமும் உட்சில்லு குறைதூரமும் ஓட இடந்தருவது டிபரன்சல். இதற்குத் தூய தமிழ்ப் பெயர் படைப்பார் படைக்க. கராஜில் வழங்கும் சொல் இதுவே, தமிழாசிரியனாகிய யானும் அதனையே ஆளுகின்றேன். சாதாரண டிபரன்சலில் ஒரு குறை உண்டு. ஒரு சில்லு மணலிற் புதைந்து வீணே சுழலுமாயின், மற்றதற்கும் வலு போதாது. அக்குறையை நீக்க வந்தவை இரண்டு: வழுக்கலை மட்டுப்படுத்தும் வகை ஒன்று, இரு சில்லுகளையும் ஒன்றாய்ப் பூட்டும் வகை மற்றொன்று.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. இதனை விரைந்து படித்துக் கடத்தல் ஆகாது. பழைய லாண்ட் றோவர், வில்லிஸ் ஜீப் ஆகியவற்றின் கைபிறேக் சில்லுகளைப் பிடிப்பதன்று, நெடுந்தண்டைப் பிடிப்பது. பின்சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தியதும், தண்டு அசையாதிருக்கவே, நிலத்திலுள்ள சில்லு ஒருபுறமும் உயர்ந்த சில்லு மறுபுறமும் உருள டிபரன்சல் இடங்கொடுத்துவிடும். வண்டி ஜக்கிலிருந்து நழுவும். அடியிற் கிடப்பவன் நசுங்குவான். எனவே சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை இறுக்கி, அச்சின் கீழே இரும்புத் தாங்கியும் வைத்தல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியிற் புகற்க.

பின்சில்லுகள் இரண்டையும் உயர்த்திக் கைபிறேக்கைத் தளர்த்துக. கியரை நடுநிலையில் விடுக. ஒரு சில்லைக் கையாற் சுழற்றுக. மற்றது எதிர்த்திசையிற் சுழன்றால் சாதாரண டிபரன்சல். ஒரே திசையிற் சுழன்றால் வழுக்கல் மட்டுப்படுத்தும் வகை, அல்லது பூட்டு வகை. ஆயினும், உள்ளிருக்கும் தட்டுகள் தேய்ந்த பழைய மட்டுப்படுத்தி சாதாரணத்தைப் போலவே நடிக்கும். காற்றாலோ மின்னாலோ பூட்டப்படுவதும் பூட்டாதபோது அவ்வாறே. அச்சிலிருந்து மின்கம்பியோ காற்றுக்குழாயோ புறப்படுகின்றதா எனப் பார்த்துக்கொள்க.

சாதாரண வகையாயின், ஒரு சில்லை நிலத்தில் இறக்கிவிடுக. சோக்கட்டியால் உயர்ந்த சில்லிலும் தண்டிலும் கோடிடுக. பற்களிடையே உள்ள ஆட்டத்தைத் தீர்த்தபின் எண்ணத் தொடங்குக. ஒரு சில்லு மட்டும் சுழல்கையில் கிறவுண் வீல் பாதியே சுழலுமாதலால், சில்லை இருபது முறை சுழற்றினால் பெருஞ்சில்லு பத்துமுறை சுழலும். அப்பொழுது தண்டு 41 சுற்றுச் சுற்றினால் 4.1, 43 ஆயின் 4.3, 47 ஆயின் 4.7. இரண்டே சுற்றில் எண்ணி முடிப்போர் 4.1 க்கும் 4.3 க்கும் வேறுபாடு காணார். மட்டுப்படுத்தும் வகையில் இரு சில்லுகளையும் உயர்த்தியபடியே பத்து முறை சுழற்றினாற் போதும்.

அடையாளத் தகட்டைப் பார்த்தாலே போதாதோ எனின், போதாது. ரொயோட்டாவின் தகட்டில் அச்சுக் குறியீடு உண்டு. அதனைப் பாகக் கடையிற் கேட்டு அறியலாம். ஆனால் தகடு கூறுவது பிறப்பை. இடையில் நேர்ந்த மாற்றத்தையன்று.

முன்னச்சையும் இவ்வாறே எண்ணுதல் வேண்டும். இம்முறை மரக்கட்டைகள் பின்சில்லுகளுக்கு. முன்சில்லின் நடுவே திருகும் பூட்டு இருந்தால் அதனைப் பூட்டியபின்னரே எண்ணுக, இன்றேல் தண்டு அசையாது. இதுவே பலர் கைவிடும் வேலை, கேடும் இங்கேதான். முன்னே 4.1 உம் பின்னே 4.3 உம் இருப்பதாகக் கொள்க. சுற்றளவு 2.2 மீற்றர் உள்ள ரயர் ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ 455 முறை சுழலும். இரு தண்டுகளுக்குமிடையே 91 சுற்று வேறுபாடு வந்துவிடும். மணலில் ரயர் வழுக்கி அதனை ஈடுசெய்யும்; தார்வீதியில் வழியில்லை. நாற்சில்லு இயக்கத்தை இட்டவுடன் இடைப்பெட்டியின் பற்கள் முறுகும், ரயர் உராய்ந்து தேயும். லாண்ட் றோவரின் ஓட்டத்தைக் கூட்டும்பொருட்டுப் பழைய றேஞ்ச் றோவரின் 3.54 விகித டிபரன்சலைப் பொருத்துவார் உளர். இரண்டு அச்சிலும் பொருத்தினால் குற்றமில்லை. பின்னே மட்டும் பொருத்திய வண்டியை இருசில்லில் ஓட்டிக் காட்டுகையில் வாங்குவோனுக்கு ஒன்றும் புலப்படாது. முதன்முறை சேற்றில் நெம்பை இழுக்கும் அன்றே தெரியவரும்.

பின்னச்சின் பின்புறத்தில் ஆணிகளாற் பொருத்திய மூடி இருந்தால், அதனைக் கழற்றிப் பற்களையே எண்ணலாம்; சில கிறவுண் வீலின் விளிம்பில் இரு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். மூடியில்லாத வகையில் பக்கத்தண்டுகளை உருவிப் பெட்டியை முன்புறமாக எடுக்க வேண்டும். வண்டியை விற்போன் அதற்கு உடன்படான். மூடியைத் திறந்தால் கியர் ஒயிலையும் விரலில் தொட்டுப் பார்க்க. பாலின் நிறமாயின் நீர் புகுந்துள்ளது. மினுங்கும் துகள் மிகுந்திருந்தால் பற்கள் அரைபடுகின்றன. மீள ஊற்றும்போது, மட்டுப்படுத்தும் வகைக்கு அதற்குரிய ஒயிலே வேண்டும். சாதாரண ஒயில் ஊற்றினால் வளைவில் தட்டுகள் அதிர்ந்து ஒலிக்கும்.