மீன்தொட்டி அடித்தளம்

மீன்தொட்டி அடித்தளம் என்பது வீட்டு மீன்தொட்டியின் அடியில் பரப்பப்படும் மணல், சரளை, கூழாங்கல் முதலியவற்றைக் குறிக்கும். இது அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. நீரைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களுக்கு வடிகட்டியைப் போலவே இதுவும் உறைவிடமாகும். வீடு மாறும்போது அடித்தளத்தையும் சேர்த்து மாற்றுவதுண்டு. முறையாகச் செய்யாவிடின், தெளிந்த நீரிலேயே சில நாட்களில் மீன்கள் இறக்க நேரிடும்.

நைட்ரசன் சுழற்சி

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா இதனை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நச்சுத்தன்மை உடையவை. நைட்ரேட்டின் தீங்கு குறைவு. இப்பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பரப்புகளில் ஒட்டி வாழ்வதால், பழைய நீரைச் சேமித்து அடித்தளத்தை எறிந்துவிடுவதில் பயனில்லை. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும்.

எடை

60 x 30 x 30 செ.மீ. அளவுள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 54 கிலோகிராம். 5 செ.மீ. உயரச் சரளை மேலும் சுமார் 14 கிலோகிராம் இருக்கும். இவற்றுடன் தூக்கினால் கண்ணாடியில் விரிசலோ இணைப்புகளில் கசிவோ ஏற்படலாம்.

கோயம்புத்தூர்ப் பகுதி நீர்

கோயம்புத்தூரில் வழங்கப்படும் சிறுவாணி ஆற்று நீர் மென்னீராகும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். எனவே ஒரே நகருக்குள் வீடு மாறினாலும் நீரின் தன்மை மாறக்கூடும். 25 பாகை செல்சியசில், மொத்த அமோனியாவில் நச்சு மிகுந்த வடிவம் பி.எச். 7-இல் சுமார் 0.6 விழுக்காடு, பி.எச். 8-இல் 5 விழுக்காட்டுக்கும் மேல். ஆதலால் காரத்தன்மையுள்ள நீரில் அடித்தள மாற்றம் கூடுதல் ஆபத்துடையது.

செய்முறை

1. இயன்றால் இடமாற்றத்தையும் அடித்தள மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாது, சில வார இடைவெளி விடவேண்டும்.
2. மீன்களைத் தொட்டி நீருடன் மூடியுள்ள வாளிக்கு மாற்றி, காற்றூட்டியை இயக்கவேண்டும்.
3. மீன்களை அகற்றிய பின்னரே அடித்தளத்தைக் கிளறவேண்டும். ஆழ்ந்த மணலில் தேங்கிய ஐதரசன் சல்பைடு மீன்களைக் கொல்லவல்லது; அழுகிய முட்டை நாற்றம் இதன் அறிகுறி.
4. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டி நீரில் நனைந்தவாறே கொண்டுசெல்லவேண்டும். அதனைக் குழாய்நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொல்லும்.
5. பழைய சரளையில் ஒரு பகுதியை வலைப்பையில் இட்டு, புதிய அடித்தளத்தின் மீது சில வாரங்கள் வைக்கவேண்டும்.
6. புதிய நீரின் குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டு கொண்டு நீக்கி, வாளியில் சிறிது சிறிதாகக் கலந்து மீன்களைப் பழக்கவேண்டும்.
7. முதல் இரு வாரங்களுக்கு உணவைக் குறைத்து, அமோனியா, நைட்ரைட்டு அளவுகளைச் சோதிக்கவேண்டும். அவை தென்பட்டால் நீரில் ஒரு பகுதியை மாற்றவேண்டும்.

பொருள் தேர்வு

கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. இவ்வகைக் கற்கள் நீரின் கடினத்தன்மையையும் பி.எச். மதிப்பையும் உயர்த்தும். கல்லின் மீது வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு என அறியலாம். கட்டுமானத்துக்குரிய எம்-சாண்ட் கூர்முனைகளும் கல்தூளும் உடையது. அடிமட்டத்தில் மேயும் மீன்களுக்கு அது ஏற்றதன்று.